கட்டமும் வட்டமும்: ராணி சிரோமணியின் மொழிக்கோட்பாட்டு ஆய்வில் கோலம்

1950களின் பிற்பகுதியில் நோம் சோம்ஸ்கி வகுத்த இலக்கணப் படிநிலை, ஒரு குறியை வேறு குறிகளாக மாற்றியெழுதும் சில விதிகளைக் கொண்டே ஒரு மொழியின் தொடர்கள் அனைத்தையும் பிறப்பிக்கலாம் என்று நிறுவியது. அவ்வாறு விதிகளால் வரையறுக்கப்படும் தொடர்களின் தொகுதி ‘முறைசார் மொழி’ எனவும், ஒரு தொடர் அத்தொகுதியைச் சேர்ந்ததா என்பதைக் குறி குறியாகப் படித்துத் தீர்மானிக்கும் கருத்தளவிலான எந்திரம் ‘தானியங்கி’ எனவும் வழங்கப்படுகின்றன. தொடர் ஒரே திசையில் ஓடுவது. படமோ இரு திசைகளில் விரிவது. படத்துக்கும் இலக்கணம் உண்டா என்னும் கேள்வியை இந்தியாவில் 1960களிலேயே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். நரசிம்மன் எழுப்பியிருந்தார். அதைக் கணிதக் கோட்பாடாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியை ராணி சிரோமணி (1929–2019).

இங்கு எழும் சிக்கல் எளிதாகத் தோன்றினாலும் பிடிவாதமானது. கட்டங்களில் அடுக்கிய குறிகளுள் ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மூன்றை வைத்தால் அந்த ஒரு வரிசை மட்டும் நீண்டு, செவ்வக வடிவம் குலைந்துவிடும். கிஃப்ட் சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து 1972இல் ராணி சிரோமணி வெளியிட்ட அணி இலக்கணம் இதனை இரண்டு நிலைகளாகப் பிரித்துத் தீர்த்தது. முதலில் சோம்ஸ்கி வகை இலக்கணம் ஒன்று கிடைமட்டமாக ஒரு வரிசையை மட்டும் பிறப்பிக்கும். பின்னர் அவ்வரிசையின் ஒவ்வொரு குறியும் தனக்குக் கீழே ஒரு நிரலை வளர்க்கும். எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு படியாக இறங்கி, ஒரே படியில் நின்றாகவேண்டும் என்ற நிபந்தனையே செவ்வகத்தைக் காப்பாற்றுகிறது. பிற்காலத்தில் இவ்விலக்கணம் சிரோமணியின் பெயராலேயே அழைக்கப்பட்டது.

1974இல் இம்மூவரும் வெளியிட்ட கட்டுரை இவ்வகை இலக்கணங்களைக் கோலத்துடன் வெளிப்படையாக இணைத்தது. ஒரு புள்ளிக்கோலத்தைச் சிறிதாகவும் பெரிதாகவும் ஒரே முறைப்படி போட முடிவதால், அது தனியொரு படமாக நில்லாமல் முடிவற்ற குடும்பமாகிறது; அத்தகைய குடும்பத்தைச் சுருங்கிய விதிகளால் சொல்வதே இலக்கணத்தின் வேலை. கணினி கோலத்தின் ‘இரகசியத்தை’ அவிழ்த்துவிட்டதாகச் சொல்வது மிகை. கோலம் தந்த தேவைக்கேற்பக் கோட்பாடு வளைந்துகொடுத்தது என்பதே பொருத்தம்.

எனினும் கட்டங்களை நிரப்பும் முறை, போட்டு முடித்த கோலத்தையே விவரிக்கிறது. போடும் கையை அது அறியாது. தென்காசியிலும் குற்றாலத்திலும் மார்கழி விடியலில் வாசல்களில் இடப்படும் கம்பிக் கோலத்தில் இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிகிறது. அதைப் போடுபவர் நினைவில் கொள்வது கட்டங்களையன்று, கை திரும்பும் வரிசையை. ராணியின் கணவரும் அதே கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியருமான கிஃப்ட் சிரோமணி (1932–1988), கோலமிடுவோரின் செயலையும் நினைவாற்றலையும் கருத்தில் கொண்டு, நேராகச் செல்லுதல் ஒன்று, வலப்புறத் திருப்பங்கள் மூன்று, இடப்புறத் திருப்பங்கள் மூன்று என ஏழு அசைவுகளை வகுத்தார். ஏழு குறிகளால் எழுதப்படும் தொடராகக் கோலம் மாறியபோது ஆய்வு மீண்டும் ஒற்றைத் திசைக்குத் திரும்பியது. ஆனால் இழை மூடியிருப்பதால் இத்தொடருக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே அமெரிக்காவின் ஏஸ்ரியல் ரோசன்ஃபெல்டு வகுத்த வட்டத்தொடர் இலக்கணங்களைக் கோலத்துக்குப் பொருத்திக் கிஃப்டும் ராணியும் எழுதிய கட்டுரை 1987இல் வெளிவந்தது.

கட்டத்திலிருந்து வட்டத்துக்கு நேர்ந்த இந்த இடப்பெயர்வு ராணி சிரோமணியின் பிற்கால ஆய்வுகளைப் படிக்க உதவுகிறது, அவற்றுக்கெல்லாம் கோலமே காரணம் என்று சொல்ல இயலாவிட்டாலும். 1990இல் லிசா மேத்யூவுடன் அவர் முன்வைத்த பொதுத்திறவி மறைக்குறியீட்டு முறை லிண்டன் சொற்களை அடிப்படையாகக் கொண்டது. ஒரு சொல்லின் எழுத்துகளை வட்டமாகச் சுழற்றிக் கிடைக்கும் வடிவங்கள் அனைத்தையும்விட அகர வரிசையில் முந்தி நிற்பதே லிண்டன் சொல். 1992இல் கே. ஜி. சுப்பிரமணியன், வி. ராஜ்குமார் டேர் ஆகிய தம் மாணவர்களுடன் எழுதிய கட்டுரையில், பாக்டீரியாக்களில் காணப்படும் வட்ட டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் செயலை அவர் முறைசார் மொழியாக்கினார். அங்கும் ஆராயப்படும் பொருள், முனைகள் இணைந்த ஒரு தொடரே.