பொருநை சேரும் கடல் – 23: சுறாவின் வாய்க்கட்டு

நாயக்கர் ஆட்களின் தொல்லை தாங்காமல் தூத்துக்குடிப் பரதவர்கள் முயல் தீவுக்குக் குடிபோன கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன் ஒருவரைப் பார்த்தாக வேண்டும். அவர் வராமல் முத்துக்குளிக்கத் தோணி ஏறமாட்டார்கள். அவர்தான் கடற்கட்டி, மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவர்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பொருநை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த காயல் துறையைப் பற்றி எழுதியிருக்கிறார். முத்துக்குளிப்பைச் சொல்லும் இடத்தில் இந்த மந்திரக்காரர்களையும் விடவில்லை. எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்காம். பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் குளித்துவிடக் கூடாதென்று! சுறாவையே காவலுக்கு வைத்த அந்த மூளையை என்னவென்று சொல்வது?

16ஆம் நூற்றாண்டில் பரதவர்கள் கிறிஸ்தவரானார்கள். சவேரியார் வந்தார், ஊருக்கு ஊர் கோயில் எழும்பியது. கடற்கட்டி மட்டும் போகவில்லை. மன்னார்க் கரையில் ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. அதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, மூச்சடக்கிய ஒரு நிமிடத்துக்குள் சிப்பியை வாரிப் பையில் போடுகிறவனுக்கு ஏதாவது ஒரு துணை வேண்டாமா? மேலே கயிறு பிடிக்க மைத்துனரையே வைப்பார்கள் என்பது கரையோரப் பேச்சு. தங்கையின் தாலி அவர் கையில் அல்லவா!

இப்படி உயிரைப் பணயம் வைப்பவனின் பெயர் நிலைத்த கடலும் உண்டு. கரீபியக் கடலில் பெக்கியா தீவில் திமிங்கல வேட்டை இன்றும் உண்டு. முன்பெல்லாம் பிடித்ததைப் பக்கத்துக் குட்டித்தீவான பெட்டி நெவிஸுக்கு இழுத்துப்போய் அறுத்தார்கள். ஈட்டி எறிந்த அத்னீல் ஒலிவியேருக்கு அங்கே ஊரறிந்த பெயர். நம் கரையில் பாண்டியன் பெயர் தெரியும், போர்ச்சுகீசியத் தளபதி பெயர் தெரியும். குளித்தவன் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. என் கணக்கில் இந்தக் கடலின் வீரன் அவன்தான். முத்தை அளந்து பங்கு வாங்கிய எந்த அரசனும் அல்ல.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். முயல் தீவுக் குடியேற்றம் அடுத்த வாரம்.