குளிசையில் தொடங்கி ஐஸ் வரை

ஆனையிறவு எண்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சண்டை. 1991 ஜூலை, 2000 ஏப்ரல், 2009 ஜனவரி எண்டு திகதி சொல்லிக் கதைக்கக்கூடிய இடம் அது. அடுத்தது உப்பு. ஒடுங்கின தரைக்கு இரண்டு பக்கமும் கடல்நீரேரி, கோடை முற்றினால் பாத்திகளில் வெள்ளை வெளேரென்று விளைஞ்சு கிடக்கும். வன்னிக் காட்டு யானைகளைக் குடாநாட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போன வழி எண்டதால்தான் இந்தப் பேர். யானை, பிறகு படை, பிறகு லொறி: தரையால் வடக்குக்குப் போற பெரும்பாலான சாமான் இந்தத் தொடுவாயைத் தாண்டித்தான் போகுது.

இப்ப ஏ9 வீதிச் சோதனைச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிற பேர் ஐஸ். பார்வைக்கு உப்புக்கல் மாதிரித்தான் இருக்கும். எங்கட பக்கத்தில் அதைப் பற்றி இரண்டு விதமாய்க் கதைப்பினம். ஒண்டு, 'பெடியள் கெட்டுப்போட்டாங்கள்.' மற்றது, 'திட்டம்போட்டு இறக்குறாங்கள்.' இரண்டிலும் அந்தப் பொருளின் கதை இல்லை. அது எங்கே பிறந்தது, யார் யாருக்கு ஏன் குடுத்தார்கள் எண்டு தெரிஞ்சால் இப்ப நடக்கிறது கொஞ்சம் விளங்கும் எண்டு நினைக்கிறோம்.

ஐஸ் எண்டது மெத்தம்பெட்டமைன். அம்பெட்டமைன் குடும்பத்தில் வலு கூடியது. அம்பெட்டமைனை முதன்முதலில் 1887 இல் பெர்லினில் செய்தவர் லசார் எடெலேனு எண்ட ருமேனிய வேதியியலாளர். அப்ப அதுக்கு ஒரு பயனும் தெரியேல்ல. இருமலுக்கும் இழுப்புக்கும் சீன வைத்தியத்தில் பாவிச்ச ஒரு செடியில் இருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்த யப்பானியர் நாகாய் நாகயோஷி, 1893 இல் அதிலிருந்து மெத்தம்பெட்டமைனைச் செய்தார். 1919 இல் இன்னொரு யப்பானியர், அகிரா ஒகாட்டா, அதைப் பளிங்காக்கினார். 1930களில் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு உறிஞ்சுகுழாய் ஒண்டு வந்தது, பேர் பென்செட்ரின். சனம் அதை உடைச்சு உள்ளுக்குள் இருந்த மருந்து ஊறின தாளை விழுங்கத் தொடங்கினது. பிறகு குளிசையாக வந்தது. களைப்புக்கு, சோர்வுக்கு, உடம்பு மெலிய எண்டு எல்லாத்துக்கும் எழுதிக் குடுத்தார்கள். கவனியுங்கோ, இதுவரைக்கும் கதையில் கடத்தல்காரன் ஒருத்தனும் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவைதான்.

1938 இல் ஜேர்மனியின் டெம்லர் கொம்பனி மெத்தம்பெட்டமைனைப் 'பெர்விட்டின்' எண்ட பேரில் விற்கத் தொடங்கினது. அடுத்த வருசம் போர். 1940 ஏப்ரலில் இருந்து ஜூலை வரைக்கும் மட்டும் ஜேர்மன் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் 3.5 கோடி குளிசைகள் போயிருக்கு. நித்திரை இல்லாமல் இரவு பகலாய்ப் பிரான்சுக்குள் ஓடின டாங்கிகளுக்குள் இருந்தவை அதை விழுங்கினவை. பிற்காலத்தில் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கின ஹைன்ரிஹ் பியோல், அப்ப சாதாரண சிப்பாய், வீட்டுக்கு எழுதின கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மற்றப் பக்கத்தில் பிரிட்டன், அமெரிக்கப் படைகள் பென்செட்ரின் குடுத்தன. 1944 இல் ஐமோ கொய்வுனென் எண்ட பின்லாந்துச் சிப்பாய் தன் அணிக்கு வைத்திருந்த முழுக் குளிசையையும் ஒரே தரத்தில் விழுங்கிப்போட்டு, பனிக்குள் நாள்கணக்காய் அலைந்து, கண்டுபிடிக்கும்போது 43 கிலோ எடையில் இருந்தார். இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 தரம் அடிச்சுக்கொண்டிருந்தது. இணையத்தில் இது பகிடிக் கதையாய்ச் சுத்துது. எங்களுக்கு அதில் சிரிக்க ஒண்டும் தெரியேல்ல.

இந்தப் பொருள் உடம்புக்குச் சக்தி எதையும் குடுக்கிறதில்லை. மூளையில் இருக்கிற டோபமினையும் நோர்அட்ரீனலினையும் ஒரே தரத்தில் வெளியே தள்ளி விடுகுது, அவ்வளவுதான். பசி, நித்திரை, களை, பயம் எண்டு உடம்பு சொல்லுற செய்தி ஒண்டும் காதில் ஏறாது. ஆனால் இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், இரத்த அழுத்தம் ஏறும், உடம்புச் சூடு ஏறும். ஆனையிறவுப் பாத்தியில் சித்திரை வெயிலில் நிண்டவைக்குத் தெரியும், தாகம் எடுக்கிறதும் தலை சுத்துறதும்தான் ஆளை நிழலுக்கு அனுப்புகிற காவல். அந்தக் காவல் இல்லாட்டில் என்ன நடக்கும்? உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டி ஏறுகிறது ஐஸ் ஆளைக் கொல்லுகிற வழிகளில் ஒண்டு. மாரடைப்பு, மூளையில் இரத்தக்கசிவு மற்ற வழிகள். இருபது வயதுக்காரருக்கும் வரும்.

பல்லு உதிருறது, உடம்பு எலும்பும் தோலுமாய்ப் போறது, தோலுக்குள் பூச்சி ஊருது எண்டு சொறிஞ்சு புண்ணாக்கிறது, ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஈரல் அழற்சி: இதெல்லாம் பாடசாலைச் சுவரொட்டியிலேயே இருக்கு. சுவரொட்டியில் இல்லாதது ஒண்டைச் சொல்லவேணும். தொடர்ந்து பாவிக்கிறவரில் கனபேருக்கு மனப்பிறழ்வு வரும். ஆரோ பின்னால வாறாங்கள், வேலிக்கு வெளியில நிண்டு கதைக்கிறாங்கள், போனை ஒட்டுக்கேக்கிறாங்கள் எண்டு நம்பத் தொடங்குவார். வேறு ஊரில் எண்டால் வீட்டார் இது வருத்தம் எண்டு உடனே கண்டுபிடிப்பினம். எங்கட ஊரில்? உண்மையிலேயே வேலிக்கு வெளியே ஆக்கள் நிண்ட காலம், வெள்ளை வான் வந்த காலம் எல்லாம் தாய் தகப்பனுக்கு மறக்கேல்ல. பெடியன் சொல்லுறதை அவையும் நம்புவினம். நம்பி லைற்றை நூத்துப்போட்டுக் கூடவே இருப்பினம். வருத்தம் வருத்தம் எண்டு தெரியாமலே மாதங்கள் போகும்.

போருக்குப் பிறகு இப்பிடி ஒரு சமூகத்துக்குள் இது இறங்கினது எங்கள் கதை மட்டும் இல்லை. யப்பானில் 1941 இல் 'ஹிரோபொன்' எண்ட பேரில் மெத்தம்பெட்டமைன் விற்பனைக்கு வந்தது. அந்தப் பேருக்குக் கிரேக்க மூலத்தில் 'உழைப்பை விரும்புதல்' எண்டு அர்த்தம்! ஆயுதத் தொழிற்சாலை இரவு வேலைக்காரருக்கும் விமானிகளுக்கும் குடுத்தார்கள். 1945 இல் தோல்வி. இராணுவக் களஞ்சியத்தில் இருந்த சரக்குச் சந்தைக்கு வந்தது. வீடு எரிஞ்சவை, வேலை இல்லாதவை, போரில் இருந்து திரும்பி வந்து என்ன செய்யிறது எண்டு தெரியாதவை, விடிய விடிய எழுதின எழுத்தாளர் எண்டு கனபேர் அதுக்குள் விழுந்தார்கள். 1951 இல் தடைச் சட்டம் வந்தது. 1954 ஆம் வருசம் மட்டும் 55,000 பேருக்கு மேல் கைது. அதோடு அலை தணிஞ்சது எண்டு சட்டத்தைப் புகழுகிறவை உண்டு. ஆனால் அதே வருசங்களில்தான் யப்பானில் தொழிற்சாலைகள் திரும்ப எழும்பின, சனத்துக்கு வேலை கிடைச்சது. அதை விட்டுப்போட்டுக் கைதை மட்டும் எண்ணினால் கதை பாதிதான். 1970களில் ஐஸ் அங்கே திரும்பியும் வந்தது.

இங்கே வருவோம். ஈரான், பாகிஸ்தான் பக்கக் கடலில் இருந்து பலநாள் மீன்பிடிப் படகுகளில் ஹெரோயினோடு ஐஸும் வருகுது, கடற்படை பிடிச்ச செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கு. அந்தப் பிராந்தியத்தில் ஆப்கானிஸ்தானில் காட்டில் விளையுற எபெட்ரா செடியில் இருந்தே அதைக் காய்ச்சுகிறார்கள். நாகாய் தொட்ட அதே செடிக் குடும்பம். இவ்வளவு முகாம்களும் சோதனையும் இருக்கிற வடக்குக்குள் இது எப்பிடிப் போகுது எண்டு சனம் கேக்கிறது நியாயமான கேள்வி, அதைக் கேக்கத்தான் வேணும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரைக்கும் அறைக்குள் பூட்டிக்கொண்டு இருக்கிற பிள்ளை காத்திருக்க மாட்டான்.

2022 இன் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மெத்தம்பெட்டமைனையும் பாரிய குற்றத்துக்குள் கொண்டுவந்தது. 5 கிராமோ அதுக்கு மேலேயோ வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. (1976க்குப் பிறகு இலங்கையில் தூக்கு நிறைவேறேல்ல, அது வேறு கதை.) 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கி ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைதானார்கள். ஐநா மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. பிடிபட்டவையில் சிலரை அனுப்புகிற இடத்துக்குப் பேர் புனர்வாழ்வு நிலையம்.

அந்தச் சொல் வன்னியில் ஆருக்குத் தெரியாது? 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளை வைத்திருந்ததும் புனர்வாழ்வு எண்ட பேரில்தான். பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு அப்ப அவைக்கான முகாம். பிறகு அதே புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் கீழ், படையினரை வைத்தே, போதைக்கு அடிமையானவைக்கான நிலையமாய் மாறினது. 2022 ஜூனில் அங்கே இருந்த ஒருத்தர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் வேலியை உடைச்சுக்கொண்டு ஓடினார்கள். 2023 இன் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் முதலில் வரைவாய் வரும்போது போதைக்கு அடிமையானவையையும் முன்னாள் போராளிகளையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் போராளிகள் எண்ட பகுதி போனது. ஒரு தாய், தன் அண்ணன் புனர்வாழ்வுக்குப் போய் வந்ததைப் பார்த்தவ, மகனுக்கு வருத்தம் எண்டு வெளியே சொல்லுவாவா? சொல்ல மாட்டா. நாங்களும் அந்த இடத்தில் இருந்தால் சொல்ல மாட்டம்.

அதால வைத்தியம் பிந்திப்போகுது. ஹெரோயினுக்கு மெதடோன் மாதிரி ஐஸுக்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் வழி இல்லை எண்டு அர்த்தமில்லை. தொடர்ந்த ஆற்றுப்படுத்தலும், பாவிக்கேல்ல எண்டு சோதனையில் காட்டுற ஒவ்வொரு தரமும் சின்னப் பரிசு குடுக்கிற முறையும் வேறு நாடுகளில் நல்லாய் வேலை செய்திருக்கு. விட்ட முதல் வாரங்கள்தான் பொல்லாதது: நாள்கணக்காய் நித்திரை, பேய்ப்பசி, பிறகு ஒண்டிலும் பிடிப்பில்லாத பெருந்துக்கம். தற்கொலை எண்ணம் வாறதும் அப்பதான். அந்த நேரம் ஆளைத் தனிய விடக்கூடாது, 'சோம்பேறி' எண்டு பேசவும் கூடாது. மூளையில் டோபமின் ஒழுங்கு பழையபடி வர ஒரு வருசத்துக்கு மேலேயும் எடுக்கலாம்.

நெஞ்சு நோ, வலிப்பு, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, ஆள் கண்டபடி பயந்து திமிறுறது எண்டால் 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் எடுங்கோ. வரும்வரைக்கும் நிழலில் வைச்சு, ஈரத்துணியால் துடைச்சு, சத்தத்தைக் குறைச்சு, கட்டிப்போடாமல் பக்கத்தில் இருங்கோ. எதை, எப்ப பாவிச்சவர் எண்டதை வைத்தியரிட்ட மறைக்காமல் சொல்லுங்கோ, அதைத் தெரியாமல் குடுக்கிற மருந்து பிழைக்கலாம். அவசரம் இல்லை, ஆரோடும் கதைச்சால் போதும் எண்டால் தேசிய மனநல இலக்கம் 1926.