ஒரு மலை, பல பாதங்கள்

அமெரிக்காவின் மொன்டானாவில் பிளாக்ஃபீட் பழங்குடி மக்கள் புனிதமாக நினைக்கும் மலை ஒன்று இருக்கு. அவர்கள் வைத்த பெயர் நினாஸ்டாகோ. மற்றவர்களுக்கு அது 'சீஃப் மவுண்டன்'. 1895இல் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் மலைப்பக்கத்து நிலம் அவர்கள் கையைவிட்டுப் போனது. 1910இல் அங்கே கிளேசியர் தேசியப் பூங்கா வந்தது. ஆனாலும் நோன்பிருக்கவும் வேண்டிக்கொள்ளவும் அந்த மலையைத்தான் அவர்கள் தேடிப் போகிறார்கள்.

இதை வாசித்ததும் எனக்கு நம்ம சிவனொளிபாதமலைதான் ஞாபகம் வந்தது.

உயரம் 2243 மீட்டர். உச்சிப் பாறையில் பாதம் மாதிரி ஒரு பள்ளம். பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம். புனித தோமையாரின் பாதம் என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு.

"தமிழருக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் இப்னு பதூதாவை வாசிக்கலாம். 1344இல் அவர் ஆரியச்சக்கரவர்த்தியிடம் பாதத்தைப் பார்க்க வழி கேட்டார். மன்னன் பல்லக்கு கொடுத்து, வருஷாவருஷம் அங்கே போய்வரும் யோகிகள் 4 பேரைத் துணைக்கு அனுப்பினான். அப்பவே அது பழகிய பாதை!

அப்போ மலை யாருக்குச் சொந்தம்? 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் அதைச் சைவத் துறவிகளிடம் கொடுத்ததாகச் சூளவம்சம் சொல்லுது. 18ஆம் நூற்றாண்டில் அதைத் திரும்பப் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தவர் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவரோ தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சம்! சிங்கள மன்னன் சைவருக்குக் கொடுத்தான், நாயக்க மன்னன் பௌத்தருக்குக் கொடுத்தான். இன்றைய இனக் கணக்கை வைத்து இந்த வரலாற்றைப் பிரிக்க முடியாது.

மலையேறும் பாதை ஒன்று தொடங்கும் ஊரின் பெயர் நல்லதண்ணி. சுத்தத் தமிழ்ப் பெயர். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே மலைநாட்டுக்கு வந்த நம்ம முன்னோரின் பிள்ளைகள் அந்தப் பக்கத் தோட்டங்களிலும் இருக்காங்க. 1948 சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை பிறகு கிடைத்தது. ஆனால் லயத்தில் பிறந்து வளர்ந்த பலருக்கு இன்னும் ஒரு துண்டு நிலம் சொந்தமில்லை.

உச்சியில் இருப்பது யாருடைய பாதம் என்று சண்டை போடுகிறோம். அடிவாரத்தில் நிற்கிறவர்களின் பாதத்துக்குக் கீழே இருக்கும் மண் யாருடையது என்றும் கேட்போமா?