தோல் தொழிலாளியும் இழப்பீட்டு உரிமையும்: வேலூர் வட்டாரத்தை முன்வைத்து

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. பாலாற்றுப் படுகையைக் கெடுத்த தோல் ஆலைகள் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கண்டறிய ஓர் ஆணையம் அமைய வேண்டும் என்றும் அது பணித்தது. நிலமும் நீருமே அவ்வழக்கின் மையம். சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோம் நீரிலும் நின்றவரின் உடல் வேறொரு சட்ட மரபுக்கு உரியதாகவே இருந்துவந்தது.

அம்மரபு 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்காமலே இழப்பீடு பெறலாம் என்பது அதன் புதுமை. தோல், மயிர் ஆகியவற்றைக் கையாள்வோருக்கு வரும் அடைப்பான் நோயையும் அது பணிசார் காயமாகக் கொண்டது. அரசுத் துறைகளின் பணிகளும் இச்சட்டத்தின் நோக்கில் தொழிலாகவே கருதப்பட்டன. எனினும் 3(5)ஆம் பிரிவு ஒரு தேர்வை முன்வைத்தது: இழப்பீட்டு ஆணையரை அணுகியவர் உரிமையியல் நீதிமன்றம் செல்ல இயலாது, அங்குச் சென்றவர் ஆணையரிடம் வர இயலாது. இரண்டில் ஒன்று என்றாலும், தேர்வு தொழிலாளியின் கையில் இருந்தது.

1948ஆம் ஆண்டு ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இத்தேர்வை நீக்கியது எனலாம். காப்பீடு பெற்றவர் பணிக்காயத்திற்காக முதலாளியிடமோ வேறு எவரிடமோ வேறு சட்டத்தின்கீழ் இழப்பீடு பெற முடியாது என்றது திருத்தப்பட்ட 53ஆம் பிரிவு. திரேகான் வழக்கில் (1996) 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியை உச்ச நீதிமன்றம் அடைத்தது. அசோகன் வழக்கில் (1997) உரிமையியல் வழக்கின் வழியும் அடைபட்டது. பாலாற்று உழவருக்கு வழி திறந்த அதே ஆண்டில் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வழி மூடப்பட்டது தற்செயலே. ஆயினும் சட்டம் இருவரையும் எங்கே பிரித்தது என்பதை அது தெளிவாக்குகிறது.

பிந்தைய சட்டங்கள் இப்பிரிவினையைச் சொல்லிலேயே பொறித்தன. 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும், 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், உயிரிழப்புக்கும் காயத்திற்கும் நிவாரணம் பெறத்தக்கோரைத் ‘தொழிலாளி அல்லாத எவரும்’ என வரையறுத்தன.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைச் சிட்கோ வளாகத்தில் பொதுக் கழிவுநீர் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். அக்கசடு சாலையில் சென்றவரைப் புதைத்திருப்பின் 17ஆம் பிரிவின் சொற்கள் அவருக்குத் தடையாக நின்றிரா. உள்ளே உறங்கியவர் அச்சட்டத்தின் பொருளில் ‘தொழிலாளி’தானா, அவ்வுறக்கம் பணியின்போது நிகழ்ந்ததா என்னும் வினாக்களை அவர்தம் குடும்பம் முதலில் கடக்க வேண்டியிருந்தது.