கட்சிப் பற்றும் எம். சி. இராசாவும்

திருப்பெரும்பூதூர் முதல் ஒரகடம் வரை இன்று ஊர்தித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ள நிலப்பகுதி, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது. திருப்பெரும்பூதூர் நாடாளுமன்றத் தொகுதி 2009ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்வரை தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பெற்றிருந்தது; சட்டமன்றத் தொகுதி இன்றும் அவ்வாறே உள்ளது. இத்தகைய தொகுதியில் நிற்பவர் ஒரு வகுப்பினர். அவரைத் தேர்பவரோ எல்லா வகுப்பினரும் ஆவர். ஆதலின், வென்றவர் தம் இனத்தார்க்குக் கடப்பாடுடையவரா, கட்சிக்கா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர், அம்மாவட்டத்துப் பரங்கிமலையிற் பிறந்த எம். சி. இராசா (1883–1943). அவர் நிலையில்லாது கட்சி மாறியவர் என்பாரும் உளர். அக்கூற்று பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

வாக்குரிமைக்கு முன்னர் இம்மக்கள் பெற்றவை அலுவலர் அருளால் வந்தவை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பயனாக 1892இல் அரசு வழங்க இசைந்த நிலங்களே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்றன. 1920இல் சட்டமன்றம் விரிவுற்றபோதும் வாக்குரிமை சொத்துடைமையைப் பற்றியே நின்றது. ஆதிதிராவிட வாக்காளர் மிகச் சிலரே. அவர்தம் உறுப்பினரை அரசே நியமித்தது. எனவே, வேட்பாளர் சேரியை நாடவேண்டிய தேவை பெரிதும் இல்லை.

நியமன உறுப்பினராகிய இராசா நீதிக் கட்சியைச் சார்ந்து நின்றார். ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்க வேண்டுமென 1922இல் தீர்மானம் கொணர்ந்தார். இழிபெயரை நீக்கித் தொன்மையுரிமையை நாட்டும் பெயர் அது. ஆயின் 1921ஆம் ஆண்டுப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் விரிசல் தோன்றிவிட்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குத் திரும்ப, புளியந்தோப்பிற் கலகம் மூண்டது. நீதிக் கட்சித் தலைவர் சிலர், அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே காரணமெனக் குறைகூறினர். இராசா 1923இல் அக்கட்சியை விட்டு நீங்கினார்.

தனித்தொகுதி வேண்டி நின்ற அவர், 1932இல் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்து கூட்டுத்தொகுதியை ஏற்றார். மக்கள்தொகைக்கேற்ற இடங்கள் என்பது அவ்வுடன்படிக்கையின் உறுதிமொழி. அவ்வாண்டு செப்டம்பர் 24இல் எழுந்த பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்துக்கு 30 இடங்களை வழங்கியது. வகுப்புத் தீர்ப்பு வழங்கியிருந்தவை 18. ஆயினும் இறுதித் தேர்வு பொது வாக்காளர் கையிற் சென்றது. எண்ணிக்கை பெருகியது, தேர்ந்தெடுக்கும் ஆற்றல் பெரிய கட்சியிடம் சேர்ந்தது.

அதன் விளைவை 1938இல் இராசாவே கண்டார். அவர் கொணர்ந்த ஆலய நுழைவு மசோதாவை முதலமைச்சர் இராசாசி ஆதரிக்கவில்லை, அது நிறைவேறவுமில்லை. 1942இல் அவர் அம்பேத்கருடன் சேர்ந்து கிரிப்சைக் கண்டு, தம் மக்களுக்குத் தக்க காப்பு வேண்டுமென வலியுறுத்தினார்.

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்கின், இராசாவின் கூட்டாளிகள் மாறினும் அவர் கோரிக்கை மாறவில்லை என்பது பெறப்படும். கட்சிகளை அவர் தம் மக்கள் பெற்ற பயன்கொண்டே அளந்தார். 1932இல் அவர் கணிப்புத் தவறியிருக்கலாம், அளவுகோல் தவறவில்லை. வாக்குக் கேட்டுச் சேரிக்கு வருவோர் இன்று பலர். வென்றபின் அச்சேரியின் குரல் கட்சியின் கட்டளையைக் கடந்து அவையில் ஒலிக்குமா என்பதே, இராசாவின் வரலாறு ஒதுக்கீட்டுத் தொகுதிகள்தோறும் எழுப்பும் வினாவாகும்.