தட்டு கோல்ஃபும் எங்க ஊரு தென்னந்தோப்பும்

பொங்கல் லீவுக்கு ஒட்டன்சத்திரம் போனப்ப, பெங்களூர்ல வாங்கின ரெண்டு பிளாஸ்டிக் தட்டையும் பையில போட்டுக்கிட்டேன். சித்தப்பா தோப்புல ஒரு தென்னைக்கு அடியில காய்கறிக் கூடையை வச்சிட்டு, தள்ளி நின்னு வீசிப் பழகிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்த சித்தப்பா, "ஏன்டா தம்பி, கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்ன?" அப்படின்னார். அமெரிக்காவுல இதே வேலைக்கு ஒருத்தருக்கு 10 வருஷத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம்னு சொன்னேன். மனுஷன் மம்பட்டியைக் கீழ வச்சிட்டார் :-)

பொய் இல்லைங்க. 2021ல பால் மெக்பெத்துங்கிற ஆட்டக்காரரோட டிஸ்கிராஃப்ட் கம்பெனி போட்ட ஒப்பந்தம் அது. ஆட்டத்தோட பேரு டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் மாதிரியேதான், ஆனா பந்தும் மட்டையும் கிடையாது. தட்டை வீசிக்கிட்டே போய் சங்கிலி தொங்குற இரும்புக் கூடைக்குள்ள போடணும். குறைச்ச வீச்சுல முடிக்கிறவர் ஜெயிச்சார்.

நிஜ கோல்ஃபுக்கும் நமக்கும் உள்ள உறவு உங்களுக்கே தெரியும். ஒட்டன்சத்திரத்துல நின்னா கொடைக்கானல் மலை தெரியும். மேல 1895ல இருந்து ஒரு கோல்ஃப் கிளப் இருக்கு. ஸ்கூல் டூர்ல பஸ் ஜன்னல் வழியா பார்த்ததோட சரி. நமக்கெல்லாம் அறுவடை முடிஞ்ச காடுதான் கிரவுண்டு.

இந்த ஆட்டத்தோட சரித்திரம் எனக்குப் பிடிச்சதே அதனாலதான். 1926ல கனடாவுல பிளேட்வொர்த்னு ஒரு சின்ன ஊர். ரொனால்ட் கிப்சன்னு ஒரு பையனும் கூடப் படிச்சவங்களும் மணல்ல வட்டம் போட்டு, அதுக்குள்ள தகர டப்பா மூடியை வீசி விளையாடினாங்க. 'டின் லிட் கோல்ஃப்'னு பேரும் வச்சாங்க. அப்புறம் வருஷக்கணக்கா ஆளாளுக்கு மரம், விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டின்னு குறிவச்சு வீசியிருக்காங்க. 1974ல ராச்செஸ்டர்ல நடந்த தட்டுப் போட்டிக்குப் பரிசா ஒரு டாட்சன் காரே குடுத்தாங்க.

அடுத்த வருஷம் வந்தார் எட் ஹெட்ரிக். ஃப்ரிஸ்பீ தயாரிச்ச வாம்-ஓ கம்பெனிக்காரர். 1975ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஓக் குரோவ்ங்கிற பொதுப் பூங்காவுல நிரந்தரமா ஒரு மைதானம் அமைச்சார். பக்கத்துலேயே நாசாவோட ஜேபிஎல். ஒரு பக்கம் விண்கலம், இந்தப் பக்கம் தட்டு! முதல்ல குறி வெறும் கம்பம்தான். "பட்டுச்சு", "படலை"ன்னு ஓயாத சண்டை (தெரு கிரிக்கெட் ஆடினவங்களுக்குப் புரியும்). சண்டையைத் தீர்க்கத்தான் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடிச்சார். தட்டு கூடையில கிடந்தா கிடந்ததுதான், சாட்சி தேவையில்லை. 1976ல தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தை ஆரம்பிச்சதும் அவர்தான். 2002ல இறந்தப்ப, அவர் ஆசைப்படி அஸ்தியைக் கலந்தே தட்டுகள் வார்த்தாங்க.

இங்க கவனிக்க வேண்டியது இடம். புல்தரை வளர்க்க வேணாம், மரத்தை வெட்ட வேணாம். ஊர்ப் பூங்காவுல கூடை நட்டா போதும், யாரு வேணா வந்து வீசலாம்.

அதைக் கெடுத்தது தட்டேதான்னு நான் சொல்லுவேன். 1983ல இன்னோவா கம்பெனியோட டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாச் சீவின தட்டைக் கொண்டுவந்தார். காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. பெரிய ஆளுங்களுக்குப் பழைய பூங்காவெல்லாம் ஒரே வீச்சுல முடிஞ்சு போச்சு. போட்டி நடத்த நீளமான இடம் வேணும், வண்டி நிறுத்தணும், கூட்டம் நிக்கணும், நடுவுல நாயோட வாக்கிங் போறவர் வரக்கூடாது. 1999ல ஆரம்பிச்ச அமெரிக்க சாம்பியன்ஷிப்புக்கு ராக் ஹில்ல வின்த்ராப் பல்கலைக்கழக வளாகம் கிடைச்சது. அங்க பரந்த புல்வெளி. கஷ்டம் போதாதுன்னு மஞ்சக் கயிறு கட்டி எல்லை போட்டாங்க (வேற ஏதும் நினைக்காதீங்க, பிளாஸ்டிக் கயிறு). 17ஆவது கூடையைச் சுத்தி வைக்கோல் கட்டை அடுக்கி வச்சிருப்பாங்க. அதைத் தாண்டிப் போனா தண்டனை. எங்க ஊர்ல வைக்கோல் கட்டைத் தாண்டினா மாடு முட்டும், அவ்வளவுதான்.

2016ல புரோ டூர் வந்த பிறகு லாஸ் வேகாஸ், போர்ட்லண்ட்னு சில பெரிய போட்டிகள் நேரா கோல்ஃப் மைதானத்துலேயே நடந்துச்சு. கோல்ஃப் மைதானம் இல்லாதவங்களுக்காகப் பொறந்த ஆட்டம், பரிசுப் பணம் வந்ததும் அங்கேயே போய் நிக்குது. பெரிய வீச்சைப் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மரத்துக்கு நடுவுல சந்து பார்த்து வளைச்சு விடுறதுல இருக்கிற சுகம் வெட்டவெளியில வருமா? 2021 உலகப் போட்டியில கடைசிக் கூடைக்கு 247 அடி தூரத்துல இருந்து ஜேம்ஸ் கான்ராட் வீசினார். உள்ள போனாத்தான் மெக்பெத்தைச் சமன் செய்ய முடியும். போச்சு! கூடுதல் ஆட்டத்துல பட்டமும் வாங்கினார். அந்த வீடியோவை மட்டும் நான் எத்தனை தடவை பார்த்தேன்னு மேனேஜருக்குச் சொல்லிடாதீங்க.

சரி, தோப்புக்கு வருவோம். சீவின தட்டு ரெண்டாவது வீச்சுலேயே வேலியைத் தாண்டி பக்கத்து முருங்கைக் காட்டுக்குள்ள போயிருச்சு. அரைமணி நேரம் தேடினேன், கிடைக்கல. மழுங்கின விளிம்புள்ள பழைய மாதிரித் தட்டுதான் மரத்துக்கு மரம் 25 அடி இருக்கிற தோப்புக்கு லாயக்கு. மெதுவாப் போகும், வளையும், சொன்ன பேச்சு கேட்கும்.

சித்தப்பா அதையும் வாங்கல. மோட்டார் ரூமுக்குள்ள போய் ஒரு பெயிண்ட் டப்பா மூடியோட வந்தார். குறி பார்த்து வீசினார். டங்குன்னு தென்னையில பட்டு வாய்க்கால்ல விழுந்துச்சு.

"குறுக்கால இந்த மரத்தை எவன்டா வச்சது?"

வச்சது அவர்தான்.