தகைவிலான் எங்கே போகிறது?

ஐப்பசி, கார்த்திகையில் சேலம், நாமக்கல் பக்கம் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்னக் குருவிகளைப் பார்த்திருப்பீர்கள். முதுகு கருநீலம், நெற்றியும் தொண்டையும் செங்காவி, வால் கத்தரிக்கோல் மாதிரிப் பிளந்திருக்கும். அதுதான் தகைவிலான். பலர் இதைப் பனை உழவாரன் என்று நினைத்துவிடுகிறார்கள். உழவாரனின் காலுக்குக் கம்பியில் உட்கார வராது. பனை ஓலையில் தொற்றிக்கொள்ளத்தான் தெரியும்.

சரி, சித்திரை முடிந்தால் இவை காணாமல் போகின்றனவே, எங்கே?

ஐரோப்பாவில் இதே கேள்வி தலைகீழாக இருந்தது. அங்கே குளிர்காலத்தில் காணோம்! பொந்துகளில் ஒடுங்கிக் கிடப்பதாக அரிஸ்டாட்டில் எழுதினார். ஏரிக்கடியில் கொத்தாகக் கிடந்து மீனவர் வலையில் சிக்குவதாக 1555-ல் ஒலாஸ் மாக்னஸ் எழுதினார். 1758-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே அந்தத் தண்ணீர்க் கதையை நம்பியவர்தான்.

சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் அசைக்க முடியாத ஆதாரம் ஒரு சின்ன வளையத்தில் வந்தது. 1911 மே மாதம் இங்கிலாந்தில் காலில் வளையம் மாட்டிய ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நத்தாலில் கிடைத்தது. நம்மூருக்கு வருபவையும் இப்படித்தான்: இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டிவிட்டு, குளிருக்கு இங்கே வருகின்றன.

பி.காம். மாணவன் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாத கணக்கை எவ்வளவு பெரிய ஆள் எழுதினாலும் செல்லாது. அந்த வளையம்தான் வவுச்சர்.

இந்த வருடம் முதலில் பார்த்த தேதியையும் கடைசியாகப் பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள். கோடையிலும் கண்ணில் பட்டால் வாலுக்கு மேலே கவனியுங்கள். அங்கே சிவப்பாக இருந்தால் அது இங்கேயே தங்கும் செம்பிட்டத் தகைவிலான். கணக்கில் கலந்துவிடாதீர்கள்!